ஊசி போட்ட பிறகும் ஒமிக்ரான் ஏன் வந்தது? அம்பாசமுத்திரம் அண்ணாச்சிக்கு ஒரு பதில்

அண்ணாச்சி அனுப்பிய கேள்வியின் சுருக்கம் இது. 2021 ஏப்ரல் கடைசியில் அவருக்குக் கொரோனா வந்து ஆளைப் படுத்தி எடுத்துவிட்டது. அந்த ஆகஸ்டிலும் நவம்பரிலும் கோவிஷீல்டு இரண்டு டோஸும் போட்டுக்கொண்டார். 2022 பொங்கல் முடிந்த கையோடு மறுபடியும் வந்தது. இந்தத் தடவை மூன்று நாள் காய்ச்சல், தொண்டை வலி, அவ்வளவுதான். அடுத்த வாரம் கடையைத் திறந்துவிட்டார். "வைரஸ் மேலே இருக்கிற புரதத்தில் ஏதோ மாறிவிட்டது என்கிறார்கள். அங்கே இங்கே ஒரு மாற்றம் வந்தால் நம் உடம்பு அப்படியா ஏமாந்துபோகும்? அப்போ ஊசி எதற்கு? என் மச்சான் கிட்னி மாற்றிவைத்து மாத்திரை சாப்பிடுகிறான், அவனை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது" என்று முடித்திருக்கிறார்.

அண்ணாச்சி, நான் பாளையங்கோட்டையில் நுண்ணுயிரியல் பாடம் நடத்துகிறவன். டாக்டர் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டது என் பாடம்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் பாதி இருக்கிறது. முதல் தடவை ஆளைச் சாய்த்தது, இரண்டாவது தடவை மூன்று நாளில் போய்விட்டது. வைரஸ் ஏமாற்றியது உடம்பின் ஒரு காவலை மட்டும்தான், எல்லாக் காவலையும் இல்லை. அந்த ஒரு காவல் எது, அதை எப்படி ஏமாற்றியது என்பதுதான் விஷயம்.

கொரோனா வைரஸின் மேலே ஆணி ஆணியாக நீட்டிக்கொண்டிருப்பது ஸ்பைக் புரதம். 1,273 அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு சரம் மடங்கிச் சுருண்டு, அப்படி மூன்று சேர்ந்தால் ஓர் ஆணி. இதன் நுனியில் 200 சொச்சம் அமினோ அமிலம் கொண்ட ஒரு பகுதிதான் நம் செல்லின் மேலிருக்கும் ஏசிஇ-2 என்ற ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது. அதை 'பற்றும் பகுதி' என்றே வைத்துக்கொள்வோம். அதிலும் ஏற்பியை நேரடியாகத் தொடுபவை சுமார் 20 அமினோ அமிலங்கள்தான். பற்றினால்தான் வைரஸ் உள்ளே போகும். பற்றவிடாமல் செய்துவிட்டால் தொற்று தொடங்காது.

எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) என்பது கிருமியில் போய் ஒட்டிக்கொள்ள நம் உடம்பு தயாரிக்கிற புரதம். அது செய்வது இந்தப் பற்றவிடாத வேலையைத்தான். ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கட்டை சக்கரத்தின் வளைவுக்குத் தக்கபடி செதுக்கியிருக்கும். சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே சரியாகப் போய் உட்கார்ந்தால் அத்தனை பெரிய தேரும் நிற்கும். தேரின் மரச்சிற்பத்தில் கொண்டுபோய்க் கட்டையைச் சாய்த்து வைத்தால் ஒரு பயனும் இல்லை. எதிர்ப்பொருளும் அப்படித்தான். ஸ்பைக்கின் எங்கெங்கோ ஒட்டிக்கொள்கிற எதிர்ப்பொருள்கள் நம் இரத்தத்தில் நிறைய உண்டு. வைரஸை நிறுத்துபவை, சரியான இடத்தில் பொருந்தி உட்காருபவை மட்டும். முதல் அலையில் குணமானவர்களின் இரத்த நீரை எடுத்துப் பார்த்தபோது, வைரஸைத் தடுக்கும் திறனில் சுமார் 90 சதவீதம் அந்தப் பற்றும் பகுதியைக் குறிவைத்த எதிர்ப்பொருள்களிடமிருந்தே வந்தது. நம் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். எல்லாரும் ஒரே இடத்தில் கட்டையைப் போட்டால், அந்த இடத்தின் வளைவு கொஞ்சம் மாறினாலே போதும்.

வளைவு எப்படி மாறுகிறது? வைரஸுக்குத் திட்டம் கிட்டம் ஒன்றும் கிடையாது. அதன் மரபுச் செய்தி சுமார் 30,000 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்என்ஏ இழை. ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் அங்கங்கே ஓர் எழுத்து பிசகும். கொரோனா வைரஸ்களிடம் பிசகைத் திருத்துகிற ஒரு நொதி இருக்கிறது, அதனால் இன்ஃப்ளூயன்சா வைரஸை விட இதில் பிழை குறைவு. 2020-இல் எல்லாரும் 'இது மெதுவாகத்தான் மாறும்' என்று ஆறுதலாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் கோடிக்கணக்கானவர்கள் உடம்பில், ஒவ்வொருவரிடமும் கோடிக்கணக்கில் நகல் எடுக்கும்போது, ஓர் எழுத்து மாறினால் வரக்கூடிய மாற்றம் எல்லாமே எங்கோ ஓரிடத்தில் வந்தே தீரும். பெரும்பாலானவை வைரஸுக்கே கேடு; அவை அப்படியே அழிந்துபோகும். மிச்சத்தில் எது பரவுகிறது என்பதை முடிவு செய்வது அப்போது அந்த ஊரில் இருக்கிற மனிதர்களின் உடம்பு. ஊரில் பாதிப் பேருக்கு எதிர்ப்பொருள் இருந்தால், அதற்குத் தப்பிக்கிற நகல்தான் அடுத்த வீட்டுக்குப் போகும்.

ஒரே ஓரிடத்தை நெருக்கத்தில் பார்ப்போம். ஸ்பைக் சரத்தில் 484-ஆம் அமினோ அமிலம் இருக்கும் இடம். அங்கே முதலில் இருந்தது குளூட்டாமிக் அமிலம். ஆர்என்ஏவில் மூன்று எழுத்து சேர்ந்துதான் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும்; இதற்கான மூன்றெழுத்து ஜி-ஏ-ஏ. முதல் எழுத்து ஜி, ஏ ஆக மாறினால் ஏ-ஏ-ஏ. அது லைசினுக்கான எழுத்து. 30,000-இல் ஒரே ஓர் எழுத்து. ஆனால் குளூட்டாமிக் அமிலத்துக்கு எதிர்மின்சுமை, லைசினுக்கு நேர்மின்சுமை. இந்த இடத்தைப் பிடிக்கப் பழகிய எதிர்ப்பொருள்கள் பலவும் தங்கள் நேர்மின்சுமையுள்ள பக்கத்தைக் கொண்டுவந்து இங்கே ஒட்ட வைத்திருந்தன. மாற்றத்துக்குப் பிறகு அதே இடத்தில் நேரும் நேரும் எதிர்ப்பட்டு ஒன்றையொன்று தள்ளுகின்றன. எதிர்ப்பொருள் பக்கத்தில் வந்தும் உட்கார முடியாமல் நழுவுகிறது. இந்த ஒரு மாற்றத்தால் மட்டும் சிலருடைய இரத்த நீரின் தடுக்கும் திறன் 10 மடங்குக்கும் மேல் குறைந்ததைச் சோதனைச் சாலையில் கண்டார்கள். எல்லாருக்கும் அப்படி இல்லை. யார் உடம்பு 484-ஐ அதிகம் நம்பியிருந்ததோ அவர்களுக்குத்தான் பெரிய சறுக்கல். தென்னாப்பிரிக்காவின் பீட்டா வகை வைரஸிலும் பிரேசிலின் காமா வகையிலும் இதே மாற்றம் தனித்தனியாக வந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இடங்களில் ஒரே எழுத்து மாறி ஒரே மாதிரி பரவினால் அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மாறியதெல்லாம் நோயெதிர்ப்பிலிருந்து தப்பிக்க என்று நினைக்கக் கூடாது. 2020-இன் முதல் பாதியிலேயே 614-ஆம் இடத்தில் வந்த மாற்றம் உலகம் முழுக்கப் பரவியது. அப்போது யாரிடமும் எதிர்ப்பொருளே கிடையாது, தப்பிக்க என்ன இருக்கிறது? அது நன்றாகத் தொற்ற உதவியது, அவ்வளவுதான். உங்களை 2021-இல் சாய்த்தது பெரும்பாலும் டெல்டாவாகத்தான் இருக்கும். அதில் 452, 478 ஆகிய இடங்களில் வந்த மாற்றங்கள் எதிர்ப்பொருளிடமிருந்து ஓரளவு தப்ப உதவின. ஆனால் அதன் பெரிய பலம் 681-ஆம் இடத்தில். ஸ்பைக் இரண்டாக வெட்டுப்பட வேண்டிய இடத்தை ஒட்டி இருப்பது அது. வெட்டு சுலபமானதால் செல்லுக்குள் நுழைவதும் சுலபமானது. மகேந்திரகிரியில் ராக்கெட்டுக்காகத் தயாரித்த திரவ ஆக்சிஜனை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிய அந்த மே மாதத்தில் நாம் பார்த்தது இந்த வேகத்தைத்தான். ஊசியே போடாதவர்கள்தான் அன்று ஊரில் அதிகம்.

ஒமிக்ரான் வேறு ரகம். 2021 நவம்பரில் போட்ஸ்வானாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கண்டறிந்து அறிவித்தபோது, ஸ்பைக்கில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட மாற்றங்கள். பற்றும் பகுதியில் மட்டும் 15. இரண்டு டோஸ் ஊசி போட்டவர்களின் இரத்த நீர் அதைத் தடுக்கும் திறன் பழைய வைரஸோடு ஒப்பிட்டால் 20 மடங்குக்கும் மேல் சரிந்தது. 484 போனால் 417-ஐப் பிடிக்கும் எதிர்ப்பொருள் உண்டு, அதுவும் போனால் 446-ஐப் பிடிப்பது உண்டு என்றெல்லாம் நாம் தெம்பாக இருந்தோம். அது ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு வந்து நின்றது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு அண்ணாச்சி. எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த இடம் இதுதான். எதிர்ப்பொருள் உட்காரும் இடமும் ஏற்பியைப் பற்றும் இடமும் ஒன்றேதான். சக்கரத்தின் வளைவை மாற்றிக் கட்டையிலிருந்து தப்பலாம், ஆனால் சக்கரம் ஓடவும் வேண்டுமே. 417-இல் வரும் மாற்றம் ஒரு பெரிய எதிர்ப்பொருள் கூட்டத்திடமிருந்து தப்பவைக்கிறது, அதே சமயம் ஏற்பியின் மேல் பிடிமானத்தைக் குறைக்கிறது. தனியாக வந்தால் வைரஸுக்கு நட்டம். 501-இல் வரும் இன்னொரு மாற்றமோ பிடிமானத்தைக் கூட்டுகிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் கணக்கு நேராகிவிடுகிறது. ஒமிக்ரானில் 498-உம் 501-உம் சேர்ந்து ஏற்பியை அத்தனை இறுக்கமாகப் பிடித்தன. அந்த உபரிப் பிடிமானத்தைச் செலவழித்துத்தான் மற்ற இடங்களில் அத்தனை மாற்றங்களையும் அது தாங்கியது. இந்த வரவு செலவை 2020-லேயே சியாட்டிலில் ஜெஸ்ஸி புளூம் குழுவினர் ஆராய்ந்தார்கள். ஈஸ்ட் செல்லின் மேல் பற்றும் பகுதியை வளர்த்து, ஒவ்வோர் இடத்திலும் சாத்தியமான மாற்றங்களை, ஏறத்தாழ 3,800-ஐ, ஒவ்வொன்றாக ஏற்படுத்தி, எது ஏற்பியைப் பிடிக்கிறது எது விடுகிறது என்று அளந்தார்கள். பிறகு வந்த வைரஸ்களை அந்தப் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் பல இடங்கள் அப்படியே பொருந்தும்.

இன்னொரு கணக்கையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 486-ஆம் இடத்தில் முதலில் ஃபினைல்அலனின் இருந்தது, எழுத்து யு-யு-யு. 2022-இல் வந்த எக்ஸ்பிபி என்ற ஒமிக்ரான் வகையில் நடு எழுத்து மாறி யு-சி-யு ஆனது, அதாவது செரின். எதிர்ப்பொருளிடமிருந்து நன்றாகவே தப்பியது, ஆனால் ஏற்பியின் மேல் பிடி தளர்ந்தது. அதனால் அது உலகம் முழுக்க ஓங்கி நிற்கவில்லை. பிறகு முதல் எழுத்தும் மாறி சி-சி-யு ஆனது. இப்போது புரோலின். தப்பிப்பும் குறையவில்லை, தளர்ந்த பிடியும் திரும்பிவிட்டது. எக்ஸ்பிபி.1.5 என்று 2023 தொடக்கத்தில் அமெரிக்காவில் ஓங்கியது இதுதான். ஒரே பாய்ச்சலில் போக முடியாத இடத்துக்கு நட்டமான ஒரு படியில் கால் வைத்துப் போயிருக்கிறது. அதே வருடம் இன்னொரு தடவையும் அதே கதை: பிஏ.2.86 என்ற வகைக்கு ஏற்பியின் மேல் பிடி மிக நன்றாக இருந்தது. அதிலிருந்து கிளைத்த ஜேஎன்.1, 455-ஆம் இடத்தில் ஒரே மாற்றத்தால் அந்தப் பிடியில் கொஞ்சத்தைக் கொடுத்து எதிர்ப்பொருளிடமிருந்து தப்பிப்பதை வாங்கிக்கொண்டது. 2023 டிசம்பரில் மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மாவட்டத்தில் கண்டுபிடித்ததாகச் செய்தி வந்ததே, அதுதான்.

எழுத்து மாறுவது மட்டும்தான் வழி என்று இல்லை. சில எழுத்துகள் மொத்தமாக விட்டும் போகலாம். ஸ்பைக்கின் பக்கவாட்டுப் பகுதியில் எதிர்ப்பொருள் பிடிக்கிற மடிப்புகள் அப்படிக் காணாமல் போயிருக்கின்றன. ஆல்ஃபா என்ற வகையில் 69, 70 ஆகிய இடங்கள் விடுபட்டதால் சில பிசிஆர் சோதனைகளில் ஸ்பைக்குக்கான கோடு மட்டும் விழாமல் போய், அதையே ஆல்ஃபாவுக்கு அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். சர்க்கரை மூலக்கூறுகளாலும் ஸ்பைக் தன்னைப் போர்த்திக்கொள்கிறது. சரத்துக்கு 22 இடங்களில் அவை ஒட்டியிருக்கும். பிஏ.2.86-இல் 356-ஆம் இடத்து மாற்றம் 354-இல் புதிதாக ஒரு சர்க்கரை ஒட்ட இடம் செய்து கொடுத்தது.

இந்தத் தப்பித்தல் எவ்வளவு முழுமையானது என்பதற்கு நல்ல சாட்சி எதிர்ப்பொருள் மருந்துகள். டெல்டா சமயத்தில் பணம் உள்ளவர்கள் 'காக்டெய்ல்' என்று ஏற்றிக்கொண்டார்களே, அது காசிரிவிமாப், இம்டெவிமாப் என்ற இரண்டு எதிர்ப்பொருள்களின் கலவை. ஸ்பைக்கில் இரண்டு வெவ்வேறு இடங்களைப் பிடிப்பவை. ஒன்று நழுவினாலும் இன்னொன்று பிடிக்கும் என்பது யோசனை. ஒமிக்ரானுக்கு முன் இரண்டுமே நழுவின. 2022 ஜனவரியிலேயே அமெரிக்க அரசு அதன் உபயோகத்தை நிறுத்திவைத்தது. சோட்ரோவிமாப் என்ற இன்னொன்று முதல் ஒமிக்ரானுக்குத் தாக்குப்பிடித்தது, பிஏ.2 என்ற அடுத்த ஒமிக்ரான் வகை வந்ததும் அதுவும் தளர்ந்தது. குறிப்பிட்ட ஒன்றிரண்டு எதிர்ப்பொருளை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும். நம் உடம்பு அப்படி இல்லை.

சரி, உங்கள் பொங்கல் கதைக்கு வருவோம். மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் இறங்கும் நேரத்தில் தடுக்க வேண்டியது ஏற்கெனவே தயாராக இருக்கும் எதிர்ப்பொருள்தான். கையில் போடும் ஊசியால் இரத்தத்தில் எதிர்ப்பொருள் நன்றாக உண்டாகும், மூக்குச் சளிப்படலத்தில் அவ்வளவாக இருக்காது. இருந்ததும் பழைய ஸ்பைக்குக்குச் செய்தது. அதனால் ஒமிக்ரான் உள்ளே வந்துவிட்டது. அதற்குக் காய்ச்சல் வரவைக்க 3 நாள் போதும். ஆனால் நுரையீரலைக் கெடுக்க அதற்கு மேல் ஒரு வாரமாவது வேண்டும், அந்த இடைவெளியில்தான் உங்கள் உடம்பின் மற்றக் காவல்கள் எழுந்தன. எதிர்ப்பொருளைத் தயாரிக்கிற வெள்ளணுக்களில் பழைய கிருமியை நினைவில் வைத்திருப்பவை நினைவு பி செல்கள். இவை 4-5 நாளில் புது எதிர்ப்பொருளைக் கொட்டத் தொடங்கும். இவை சும்மா பழையதை நகலெடுப்பவை அல்ல. நிணநீர் முடிச்சுகளில் மாதக்கணக்கில் தங்கள் எதிர்ப்பொருளையே திருத்தித் திருத்திக் கூர்மையாக்குபவை, சில வகை மாற்றங்களை முன்கூட்டியே சமாளிக்கக்கூடியவை.

டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளணுவின் கதை இன்னும் சுவாரசியம். தொற்றிய செல் தனக்குள் இருக்கும் வைரஸ் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டி மேலே காட்டும். அந்தத் துண்டைப் பார்த்து டி செல் அந்தச் செல்லையே அழித்துவிடும். ஸ்பைக்கின் எந்த மூலையிலிருந்து வந்த துண்டு என்பது அதற்கு முக்கியமில்லை, எதிர்ப்பொருளுக்குப் போல வெளிப்புற வளைவு தேவையில்லை. அதோடு எந்தத் துண்டைக் காட்டுவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் டி செல்லிடமிருந்து தப்பிக்க ஏதுவான மாற்றம் உங்கள் வீட்டம்மாவின் டி செல்லிடம் செல்லாது. அதனால்தான் ஒமிக்ரானுக்கு எதிராக எதிர்ப்பொருள் அவ்வளவு சரிந்தும் டி செல்களின் பதில் பெரும்பகுதி அப்படியே நின்றது. ஊசி எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான். தொற்றே வராது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார்.

வாட்ஸ்அப்பில் இன்னொன்றும் சுற்றுகிறது: வைரஸ் மாற மாற வீரியம் குறைந்துகொண்டேதான் போகும், அது இயற்கை விதி என்று. அப்படி ஒரு விதியும் கிடையாது. டெல்டா அதற்கு முன் இருந்ததை விடக் கடுமையாகத்தான் இருந்தது. வைரஸுக்கு வேண்டியது அடுத்த ஆளுக்குப் போவது. பெரும்பாலானவர்கள் இருமி, தும்மிப் பரப்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே போகிறார்கள், அவர்களுக்கு அப்புறம் என்ன ஆனாலும் அதற்குக் கவலை இல்லை. இப்போது லேசாகத் தெரிவதில் பெரும்பங்கு நம் உடம்பு பழகியதால் வந்தது. இது ஓயாது என்பதற்கும் முன்மாதிரி இருக்கிறது. சாதாரண சளிக்குக் காரணமான 229இ என்ற கொரோனா வைரஸை எடுத்துக்கொண்டு, 1980-களில் சேமித்துவைத்த இரத்த நீரை ஆய்ந்தார்கள். 1984-இல் புழங்கிய வகையை நன்றாகத் தடுத்த அதே இரத்த நீர் அடுத்தடுத்த ஆண்டுகளின் வகைகளிடம் திணறியது. சளி திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புது ஊசியிலும் ஒரு சிக்கல் உண்டு. உடம்பு முதலில் பார்த்த ஸ்பைக்கை மறக்காது. 2022-இல் பழைய ஸ்பைக்கையும் ஒமிக்ரானையும் கலந்து ஊசி போட்டபோது பெரும்பாலும் பழைய நினைவுதான் கிளர்ந்தது. அதனால் 2023-இல் பழையதை எடுத்துவிட்டு எக்ஸ்பிபி.1.5-ஐ மட்டும் வைத்துப் போட்டார்கள், பலன் கூடியது.

மச்சான் விஷயத்துக்குத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் இந்த வைரஸ் மாதக்கணக்கில் தங்கலாம். பாஸ்டனில் 2020-இல் அப்படி ஒருவரிடம் ஐந்து மாதம் இருந்தது. மரபுச் செய்தியில் ஸ்பைக்கின் பங்கு 13 சதவீதம், பற்றும் பகுதியின் பங்கு வெறும் 2 சதவீதம். ஆனால் அவரிடம் வைரஸில் நடந்த அமினோ அமில மாற்றங்களில் 57 சதவீதம் ஸ்பைக்கில், 38 சதவீதம் பற்றும் பகுதியில். பலவீனமான எதிர்ப்பு இருக்கும் உடம்பில், அழியாமல் நெருக்கப்பட்டால் வைரஸ் எங்கே மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் வேண்டாம். ஒமிக்ரானும் இப்படி ஓர் உடம்பிலிருந்து கிளம்பியிருக்கலாம் என்பது வலுவான ஊகம்.

அவருக்கு ஊசியின் பலன் குறைவாக இருக்கும், இருந்தாலும் போட வேண்டும்; எத்தனை டோஸ், எப்போது என்பதை அவருடைய சிறுநீரக டாக்டர் சொல்லட்டும். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் ஓரிரு நாள் பார்க்கலாம் என்று கஷாயத்தோடு உட்காரவிடாதீர்கள், அன்றே சோதனை. நிர்மாட்ரெல்விர் என்ற மாத்திரை வைரஸின் உள்ளே இருக்கும் வெட்டும் நொதியைத் தடுப்பது, ரெம்டெசிவிர் நகலெடுக்கும் நொதியைத் தடுப்பது. ஸ்பைக் எப்படி மாறினாலும் இவற்றுக்குப் பெரிதாகப் பாதிப்பில்லை. மாத்திரையை அறிகுறி தொடங்கி 5 நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: நிர்மாட்ரெல்விரோடு ரிடோனாவிர் சேர்த்துக் கொடுப்பார்கள், அது டாக்ரோலிமஸ் அளவை இரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். கிட்னி மாற்றியவர்கள் பெரும்பாலும் டாக்ரோலிமஸ்தான் சாப்பிடுவார்கள். எனவே மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தருவது கூடவே கூடாது. அவருடைய மாத்திரைப் பட்டியலை ஒரு தாளில் எழுதி இப்போதே டாக்டரிடம் காட்டி, கொரோனா வந்தால் எதை நிறுத்துவது, எதைக் கொடுப்பது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.